கையோடு எடுத்துப்போக வேண்டியவை

ஈஸ்ட் ஹாம், லண்டன்
12-1-1984

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை மங்கம்மாள் எழுதுவது. நானும் இவரும் நலம். நீயும் மாதம்மாள் அண்ணியும் குழந்தை வசந்தியும் எப்படி இருக்கிறீர்கள்? நம் மலையில் பனி இறங்கி அவரைப் பூ கருகிவிட்டதா? இங்கே பொங்கலுக்கு லீவு கிடையாது. இவர் வேலை செய்யும் ஹோட்டலில் அன்றைக்குச் சர்க்கரைப் பொங்கல் கிண்டுவார். அதையும் காசு கொடுத்து வாங்கித் தின்ன ஆள் இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். உன் மச்சான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்லத்தான் எழுதுகிறேன். பள்ளிக்கூடத்துக்கு மே மாத லீவு விட்டதும் நீ இங்கே வந்து மூன்று வாரம் இருந்துவிட்டுப் போக வேண்டும். பெண் கொடுத்துப் பெண் எடுத்து, ஒரே பந்தலில் இரண்டு கல்யாணமும் முடிந்து ஒன்பது வருஷம் ஆகிறது. என் தங்கச்சியைக் கட்டியவன் ஒருநாள்கூட என் வீட்டுப் படி ஏறவில்லை என்று இவர் குறைப்படுகிறார். கொழும்பு வழியாகப் போகும் விமானத்தில் டிக்கெட் மலிவு. அதை இவரே எடுத்து அனுப்புகிறார்.

இவருக்கு எங்கிருந்து இவ்வளவு தாராளம் வந்தது என்று நீ யோசிப்பாய். காரணம் இருக்கிறது. இந்த ஊர்க் கடைகளில் எதை வாங்கினாலும் விலையோடு வரியும் சேர்ந்திருக்கும். குடியிருக்கிறவர்கள் கட்டியே ஆக வேண்டும். சுற்றிப்பார்க்க வந்தவன் வாங்கினால் அந்த வரியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். கடையில் பாஸ்போர்ட்டைக் காட்டினால் ஒரு படிவம் தருவார்கள். மூன்று மாதத்துக்குள் சாமானைக் கையோடு எடுத்துக்கொண்டு நாட்டை விட்டுப் போக வேண்டும். விமான நிலையத்தில் சுங்கத்துக்காரன் சாமானையும் படிவத்தையும் ஒத்துப் பார்த்து முத்திரை வைப்பான். படிவம் கடைக்குப் போனதும் காசோலை வரும். அதனால் உன் பெயரில் ஒரு சின்ன கலர் டிவி, ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த ஒரு டூ இன் ஒன், ஒரு கேமரா, நாலு கைக்கடிகாரம் வாங்கலாம் என்பது இவர் திட்டம். அவற்றை நீ திருப்பத்தூரில் இவர் சிநேகிதர் கடையில் ஒப்படைக்க வேண்டும். நம் ஊரில் கரண்டு இல்லாததால் டிவியை நீயே வைத்துக்கொள்வாய் என்ற பயம் இவருக்கு இல்லை.

யோசித்துக்கொண்டே இருக்காதே, அண்ணா. வா. அண்ணிக்கு என் அன்பு, வசந்திக்கு ஒரு முத்தம்.

உன் தங்கை,
மங்கம்மாள்


நெல்லிவாசல்நாடு
5-2-1984

அன்புள்ள தங்கை மங்கம்மாளுக்கும் மச்சான் கிருஷ்ணனுக்கும்,

சின்னராசு எழுதுவது. இங்கே அனைவரும் சுகம். உங்கள் சுகமும் அதுவே ஆகுக. புளி உலுக்கல் ஆரம்பித்துவிட்டது. ஐந்தாம் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் மரத்தடியில்தான் இருக்கிறார்கள்.

கடிதத்தை மாதம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். தன் அண்ணன் கூப்பிட்டிருக்கிறான் என்றதும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. சாமை எத்தனை படி, புளி எத்தனை தூக்கு என்று இப்போதே கட்ட ஆரம்பித்துவிட்டாள். விமானத்தில் எடை பார்ப்பார்கள் என்றால், ஜீப்பில் ஏற்றுகிறவன் ஏற்றமாட்டானா என்கிறாள்.

நான் அரசாங்க ஊழியன் என்பதால் வெளிநாடு போக ஆட்சேபணை இல்லை என்று இலாகாவில் சான்று வாங்க வேண்டும். வேலூரில் அதற்காக இரண்டு நாள் தங்கினேன். எழுத்தர் என்னை மேலும் கீழும் பார்த்து, "மலைய வுட்டு எறங்கவே மாட்டீங்க, லண்டன்ல இன்னா வேலை வாத்தியாரே?" என்று கேட்டார். தங்கை வீடு என்றேன். வரியைத் திரும்ப வாங்கப் போகிறேன் என்று சொல்லியிருந்தால் சான்று கிடைத்திருக்காது. வெளிநாடு போகிறவன் தலைக்கு நம் சர்க்காரும் ஒரு வரி போட்டிருக்கிறதாம். அது திரும்பி வராது.

முயற்சி செய்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
சின்னராசு


ஆஸ்பத்திரி சலவைப் பகுதி, லண்டன்
20-2-1984

அண்ணா,

இந்தக் கடிதம் அவருக்குத் தெரியாது. துணி மடிக்கும் மேஜையில் வைத்து எழுதுகிறேன். பதிலை மேலே உள்ள முகவரிக்கே எழுது. வீட்டுக்கு வரும் தபாலை அவர்தான் பிரிப்பார்.

நலம் என்று போன கடிதத்தில் எழுதியது பொய். எனக்கு ஊருக்கு வந்துவிட வேண்டும். லீவுக்கு இல்லை, ஒரேயடியாக.

அடிக்கிறாரா என்று முதலில் கேட்பாய். அடிப்பதில்லை. என் பாஸ்போர்ட் ஹோட்டல் முதலாளியின் இரும்புப் பெட்டியில் இருக்கிறது, அவர் கேட்டால்தான் வெளியே வரும். என் சம்பளக் கவர் பிரிக்காமல் அவர் கைக்குப் போகிறது. வீட்டுச் சாவி எனக்குக் கிடையாது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு நடக்கப் பதினோரு நிமிஷம். அதற்கு மேல் ஆனால் கதவு திறக்காது. ஒருநாள் ஒரு கடைக் கண்ணாடியில் நம் ஊர்ச் சேலை மாதிரி ஒன்றைப் பார்த்து நின்றுவிட்டேன். அன்றைக்கு அவர் ஹோட்டலுக்குக் கிளம்பும்வரை மழையில் படியில் உட்கார்ந்திருந்தேன். ஐந்து வருஷமாக நான் பார்த்த லண்டன் அந்தப் பதினோரு நிமிஷம்தான், அண்ணா.

வரி திரும்பக் கிடைக்கும் என்ற பேச்சை எடுத்ததே நான்தான். லாபம் காட்டினால்தான் உன்னை இங்கே வரவிடுவார். நீ வந்து, அவர் வீட்டில் சோறு தின்றுவிட்டு, "பொண்ணைக் கூட்டிக்கினு போறேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பிறந்த வீட்டு ஆண்பிள்ளை வாயால் கேட்டால் நம் ஊரில் யாரும் மறுக்க மாட்டார்கள். லண்டனில் இருந்தாலும் அவர் மலைக்காரர்தான். அவர் அப்பா வீரன் மாமா காதுக்குப் போனால் சும்மா இருக்கமாட்டார் என்று அவருக்குத் தெரியும். கடிதத்தில் கேட்டால் செல்லாது, நேரில் கேட்க வேண்டும். என் டிக்கெட்டுக்குக் கவலைப்படாதே, இங்கே என்னோடு வேலை செய்யும் பெண்கள் எடுத்துத் தருகிறார்கள்.

நம்முடையது மாற்றுக் கல்யாணம். நான் திரும்பினால் மாதம்மாள் அண்ணியும் அவள் அப்பா வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்று ஊரில் பேசுவார்கள். அது தெரிந்துதான் கேட்கிறேன். அதைப் பேசித் தீர்க்க முடியாதா? நீ வாத்தியார். ஊர்க்கவுண்டர் வேடியப்பன் உன் பேச்சைத் தட்டமாட்டார்.

மணி அடித்துவிட்டார்கள்.

மங்கம்மாள்


நெல்லிவாசல்நாடு
28-3-1984

அன்புள்ள மங்கம்மாளுக்கு,

அண்ணன் ஆசீர்வாதம். நீ 20-2 அன்று எழுதிய கடிதம் கிடைத்தது. படித்தேன். உடம்பைக் கவனித்துக்கொள். மழையில் நனையாதே.

பாஸ்போர்ட்டுக்காகப் போலீஸ்காரர் ஒருவர் விசாரணைக்கு வந்தார். ஆலங்காயத்திலிருந்து ஜீப் கிடைக்காமல் பாதித் தூரம் நடந்தே வந்திருக்கிறார், பாவம். என் மேல் வழக்கு உண்டா என்று என்னையே கேட்டார். மோர் கொடுத்தோம். வருமான வரி பாக்கி இல்லை என்று ஒரு சான்று வேண்டுமாம். எனக்கு வருமான வரி கட்டும் அளவுக்குச் சம்பளமே இல்லை என்பதற்கும் ஒரு சான்று வேண்டுமாம். புகைப்படத்தில் என் காது இரண்டும் தெரியவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள், மறுபடி எடுத்தேன்.

வசந்தி இப்போது பள்ளிக்கு வருகிறாள். மாதம்மாள் உனக்காக நெல்லி வற்றல் போட்டிருக்கிறாள்.

சின்னராசு


ஆஸ்பத்திரி சலவைப் பகுதி
9-4-1984

அண்ணா,

நான் ஒன்று கேட்டேன். நீ போலீஸ்காரருக்கு மோர் கொடுத்ததை எழுதியிருக்கிறாய்.

கேட்பாயா, மாட்டாயா? வேறு எதுவும் எழுத வேண்டாம்.

மங்கம்மாள்


நெல்லிவாசல்நாடு
23-4-1984

அன்புள்ள மங்கம்மாளுக்கு,

அண்ணன் ஆசி. மே ஆறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை அங்கே வந்து சேருகிறேன். நேரில் பேசிக்கொள்வோம். நான் கிளம்பி வருவதையே பதிலாக வைத்துக்கொள்.

சின்னராசு


நெல்லிவாசல்நாடு
8-6-1984

அன்புள்ள மச்சானுக்கும் மங்கம்மாளுக்கும்,

உங்கள் அன்பினால் நலமாக வந்து சேர்ந்தேன். மூன்று வாரமும் வேளாவேளைக்குச் சோறு போட்டு என்னைப் பார்த்துக்கொண்டதற்கு நன்றி என்று எழுதினால் அந்நியம் போல இருக்கும். இருந்தாலும் எழுதுகிறேன்.

சென்னைச் சுங்கத்தில் டிவிக்குத் தீர்வை போட்டார்கள். மற்றதையெல்லாம் பிரித்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். எல்லாச் சாமானையும் திருப்பத்தூர்க் கடையில் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிவிட்டேன். ஒரு கடிகாரத்தில் மட்டும் வார் கொஞ்சம் கீறியிருந்தது. அதையும் எழுதி வாங்கியிருக்கிறேன்.

லண்டனைப் பற்றி ஊரில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பாலம், அரண்மனை, தரைக்கு அடியில் ஓடும் ரயில் எல்லாம் சொன்னேன். தங்கை எப்படி இருக்கிறாள் என்று மாதம்மாள் கேட்டாள். சௌக்கியம் என்றேன்.

மழை இன்னும் இல்லை. சாமை விதைக்கக் காத்திருக்கிறோம்.

சின்னராசு


ஆஸ்பத்திரி சலவைப் பகுதி
25-6-1984

அண்ணா,

நன்றி எழுதியிருந்தாய். அவர் சத்தமாகப் படித்தார். நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நீ வந்த மறுநாளே என் துணிகளை ஒரு பையில் கட்டி, படுக்கைக்கு அடியில் வைத்துவிட்டேன். நீ ஒவ்வொரு வேளை சோற்றில் கை வைக்கும்போதும் இன்றைக்குக் கேட்டுவிடுவாய் என்று அடுப்பருகில் நின்றிருப்பேன். நீ தண்ணீர் கேட்பாய். குழம்பில் புளி கூடியிருக்கிறது என்பாய். முதல் வாரம் உனக்கு அலுப்பு என்று நினைத்தேன். இரண்டாம் வாரம் சமயம் பார்க்கிறாய் என்று நினைத்தேன். மூன்றாம் வாரம் கடை கடையாகப் போனோம். நீ பாஸ்போர்ட்டைக் காட்டி, ஒவ்வொரு படிவத்திலும் முத்து முத்தாகக் கையெழுத்துப் போட்டாய்.

கிளம்பும் நாள் விமான நிலையத்தில் சுங்கத்துக்காரன் டிவிப் பெட்டியைத் தட்டிப் பார்த்தான். கடிகாரத்தை எண்ணினான். பட்டியலில் உள்ளதெல்லாம் கையில் இருக்கிறதா என்று கேட்டான். நான்தான் உனக்கு அதைத் தமிழில் சொன்னேன். நீ என் முகத்தைப் பார்க்காமல் ஆமாம் என்றாய். டம்மென்று முத்திரை வைத்தான்.

அப்போதுகூட அவர் உன்னைக் கேட்டார். "வேற இன்னா மச்சான்? எதுனா இருந்தா சொல்லு." அதைவிடச் சமயம் ஒருவனுக்கு வாய்க்காது. நீ, "ஒண்ணுமில்ல மச்சான், போய்ட்டு வர்றேன்" என்றாய்.

எனக்கு உன்மேல் கோபம். அதை மறைத்து எழுத எனக்கு வரவில்லை. கேட்கமாட்டேன் என்று ஏப்ரலிலேயே எழுதியிருந்தால் நான் பையைக் கட்டியிருக்கமாட்டேன். அதை அவிழ்த்துத் துணிகளை மறுபடி அலமாரியில் அடுக்கியபோது பட்டதை நான் இங்கே வந்த ஐந்து வருஷத்தில் பட்டதில்லை.

ஏன் கேட்கவில்லை? இதற்காவது பதில் எழுது.

மங்கம்மாள்


ஈஸ்ட் ஹாம்
30-7-1984

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். நலமறிய ஆவல். வரிப் பணம் இன்னும் வரவில்லை என்று இவர் கடைக்குப் போய் விசாரித்தார். காசோலை வாங்கியவர் பெயரில், வாங்கியவர் முகவரிக்குத்தான் போகும் என்று சொல்லிவிட்டார்களாம். படிவத்தில் அது அச்சிட்டே இருந்திருக்கிறது. இவர் பார்க்கவில்லை. அங்கே வந்திருந்தால் உடனே தெரிவிக்கச் சொல்கிறார்.

மங்கம்மாள்


நெல்லிவாசல்நாடு
19-8-1984

அன்புள்ள மங்கம்மாளுக்கு,

காசோலை வந்துவிட்டது. புத்தூர்நாட்டுத் தபால்காரர் கொண்டுவந்தார். திருப்பத்தூர் வங்கியில் அதை வாங்க யோசிக்கிறார்கள். இதை இந்தக் கடிதத்தின் முதல் வரியாக எழுதுகிறேன் பார், நான் அப்படிப்பட்டவன்தான்.

உன் கடிதத்தை ஆறு வாரமாகச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். ஏன் கேட்கவில்லை என்று சொல்கிறேன்.

கேட்கத்தான் வந்தேன். சத்தியமாக. கடைசி வாரம், நீ ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த நேரம், மச்சானும் நானும் படிவங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தோம். பேச்சை எடுக்கலாம் என்று தொண்டையைக் கனைத்தேன். அவர் தலை நிமிராமலே சொன்னார்: "உன் தங்கச்சிய நான் அனுப்புனா என் தங்கச்சிய நீ அனுப்பணும் மச்சான். பொண்ணுக்குப் பொண்ணு. தெரியும் இல்ல?" கோபமாகச் சொல்லவில்லை. அடுத்த படிவத்தை எடுத்து என் கையில் கொடுத்து, இங்கே கையெழுத்து என்று காட்டினார். போட்டேன்.

மாதம்மாள் போனால் வசந்தி என்னிடம்தான் நிற்கும். பிள்ளை தகப்பன் வீட்டுக்கு என்பது நம் வழக்கம். தாயில்லாமல் ஒரு பிள்ளை, மனைவியில்லாமல் நான். ஊர்க்கவுண்டரிடம் பேசிப் பார்த்திருக்கலாம் என்பாய். பேசப் பயந்தேன். பேசினால் மாதம்மாளுக்குத் தெரிந்துவிடும். அவளிடம் இன்றுவரை ஒன்றும் சொல்லவில்லை. அவள் சமைக்கிறாள், சிரிக்கிறாள், நான் தட்டைப் பார்த்தே தின்றுவிட்டு எழுந்துவிடுகிறேன்.

நீ அங்கே மாட்டிக்கொண்டிருப்பது என் வீடு நன்றாக இருப்பதற்காக. எனக்கு அது தெரியும். தெரிந்துதான் திரும்ப விமானம் ஏறினேன். மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு


நெல்லிவாசல்நாடு, வீரன் வீடு
2-9-1984

அன்புள்ள அண்ணிக்கு,

மாதம்மாள் எழுதுவது. நீ எனக்கு அண்ணி, நான் உனக்கு அண்ணி. நம் இரண்டு பேரையும் மாற்றிக் கட்டினவர்கள் கொடுத்த உறவு அது. நான் நலம். உன் நலம் எனக்குத் தெரியும், அதனால் விசாரிக்கவில்லை.

இதோடு இருப்பது உங்க அண்ணன் பாதி எழுதிப் பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டுக்குள் வைத்திருந்த கடிதம். சட்டை துவைக்க எடுத்தபோது நீ பிப்ரவரியிலும் ஜூனிலும் எழுதிய கடிதங்களும் கிடைத்தன. நான் ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். கடிதமெல்லாம் அவரே படித்துக் காட்டிக் காட்டி, எனக்குப் படிக்கத் தெரியும் என்பதை அவர் மறந்துவிட்டார். மெதுவாகத்தான் படித்தேன். உன் கடிதங்களை இரண்டு முறை படித்தேன்.

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. என் அண்ணன் எப்படிப்பட்டவன் என்று அவனோடு பிறந்த எனக்குத் தெரியாதா? என்னிடம் ஒருவார்த்தை கேட்டிருந்தால், போய் அவளைக் கூட்டிக்கொண்டு வா, ஊரில் வருவதைச் சேர்ந்து பார்ப்போம் என்று சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை. என்னைக் காட்டி உன்னை அங்கே நிறுத்தி வைத்திருக்கிறார்கள், நான் இங்கே நெல்லி வற்றல் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

போன மாதம் 22-ஆம் தேதி புதன்கிழமை என் துணிமணியை எடுத்துக்கொண்டு அப்பா வீட்டுக்கு வந்துவிட்டேன். உங்க அண்ணன் ஓடை வரைக்கும் பின்னாலேயே வந்தார்.

மூன்றாம் நாள் ஊர் கூடியது. அடித்தானா, குடித்தானா, கஞ்சிக்கு இல்லையா என்று ஊர்க்கவுண்டர் கேட்டார். அப்பாவுக்கு என்மேல் கோபம், திண்டாடிப் போய் உட்கார்ந்திருந்தார். நான் எழுந்து நின்று சொன்னேன். "எனக்கு ஒரு குறையும் இல்ல. என்னைக் காட்டி ஒருத்திய அங்க கட்டிப் போட்டிருக்காங்க. நான் இங்க வந்துட்டேன். அவள அவுத்துவுடச் சொல்லுங்க."

உன் பிப்ரவரிக் கடிதத்தை ஊர் முன்னால் படிக்கச் சொன்னார்கள். உங்க அண்ணன்தான் படித்தார். மழையில் படியில் உட்கார்ந்திருந்தாய் என்ற இடத்தில் நிறுத்திவிட்டார். மீதியை நான் வாங்கிப் படித்தேன்.

பெண்ணுக்குப் பெண் திரும்ப வேண்டும் என்று தீர்ப்பாகிவிட்டது. அப்பாவே திருப்பத்தூர் போய் என் அண்ணனுக்குத் தந்தி கொடுத்திருக்கிறார். பெண்ணை அனுப்பாவிட்டால் பங்கு நிலமும் இல்லை, நல்லது கெட்டதுக்கு யாரும் படி மிதிக்கமாட்டார்கள் என்று. தந்திக்காரர் சொல்லை எண்ணி எண்ணி வாங்கியும் அப்பா ஒரு சொல்லைக் குறைக்கவில்லையாம். என் அண்ணன் பாஸ்போர்ட்டைக் கொடுப்பான். நிலத்தை விடுகிற ஆள் இல்லை அவன். அந்தக் காசோலை வேண்டுமென்றால் அவனே வந்து வாங்கிக்கொள்ளட்டும்.

நீ பையைக் கட்டு. இந்த முறை அவிழ்க்க வேண்டியிருக்காது.

எனக்கு இனி என்ன ஆகும் என்று நீ யோசிப்பாய். உங்க அண்ணன் வந்து கூப்பிடுவாரா, ஊர் விடுமா, கூப்பிட்டாலும் நான் போவேனா, எதுவும் தெரியவில்லை. அதை நினைத்துக்கொண்டு நீ அங்கேயே நின்றுவிடாதே.

வசந்தியை அவரிடம் விட்டுவிட்டு வந்தேன். வழக்கம் அது. நீ மலை ஏறியதும் என்னைப் பார்க்க வராதே, முதலில் அந்த வீட்டுக்குப் போ. குழந்தை நான் போட்ட சடையை யாரையும் அவிழ்க்க விடவில்லையாம், பதினோரு நாளாக அதோடேயே பள்ளிக்குப் போகிறாளாம். சிக்கு விழுந்திருக்கும். மெதுவாக வாரிவிடு.

உன் அண்ணி,
மாதம்மாள்